நீலப்பூக் கிண்ணம்

செவ்வாய், இரவு

பழைய இங்கிலீஷ் டீபாட்டும் கிண்ணமுமாகச் சேர்க்கிறேன். எதிலும் யாரையும் வாய் வைக்க விட்டதில்லை. அதுவே இன்று வினையாகிவிட்டது.

ஆபீஸிலிருந்து வந்ததும் மாமியார் சொன்னார். "வெள்ளி வட்டில் ஓட்டையாயிடுத்து. உன் பீரோவுல அந்த நீலப்பூக் கிண்ணம்தான் எச்சில் படாம இருந்துது. அதுலயே பெருமாளுக்குப் பால் கண்டருளப்பண்ணிட்டேன்."

அந்தப் பீங்கானில் மாட்டெலும்புச் சாம்பல் கலந்திருக்கிறது. அதனால்தான் இந்த வெளுப்பு என்று, விற்ற கைலாசபுரத்துக்காரர் பெருமையாகச் சொன்னார்.

"அடியில என்னமோ இங்கிலீஷ்ல போட்டிருக்கே?"

"கம்பெனி பேரும்மா," என்றேன். போட்டிருந்தது 'போன் சைனா', எலும்புப் பீங்கான் என்று.

"தினம் இதுவே இருக்கட்டும்," என்று மிச்சப் பாலை என்னிடம் நீட்டினார். குடித்தேன்.

சொன்னால் தாங்கமாட்டார். சொல்லாவிட்டால் நாளைக்கும் இதேதான். கை தவறின மாதிரி உடைத்துவிடலாம் என்று இப்போதுதான் எழுந்துபோனேன். இரண்டு வருஷம் தேடி வாங்கியது, போகட்டும். மாமியார் அதைக் கழுவிப் பெருமாள் முன்னால் கவிழ்த்து வைத்திருக்கிறார். பூஜை அறை வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

உடைப்பதற்கும் குளித்துவிட்டுத்தான் தொடவேண்டும்.