மறுபடி பாஸ்வேர்ட் கேட்கிறது

திங்கள்
காலையிலிருந்தே தூறல். துணி காயவில்லை. லேப்டாப்பில் மறுபடியும் எல்லாம் லாக்-அவுட். மெயில், கரண்ட் பில், யாழினியின் ஸ்கூல் பக்கம். "ம்மா, திரும்ப பாஸ்வேர்ட் கேக்குது. நீ எதையாச்சும் அமுக்கினியா?" நான் தொடவே இல்லை. போன வாரமும் இப்படித்தான்.

செவ்வாய்
ஆபீசில் ரேவதியிடம் கேட்டேன். கம்ப்யூட்டர் செக்‌ஷன் அவள்.
"குக்கீஸை அழிச்சா இப்பிடித்தான்க்கா ஆகும். நம்ம யாருன்னு வெப்சைட்டு ஞாபகம் வெச்சுக்கிற குறிப்பு அது."
"தானா அழியாதா?"
"யாராச்சும் செட்டிங்ல மாத்தணும், இல்ல கையால அழிக்கணும்."
"எதுக்கு?"
"தேடுனது விளம்பரமா பின்னாடியே வரும்ல. அது மத்தவங்க கண்ணுல படாம இருக்க."
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று வேறு பேச்சு. அது பிடிக்கவில்லை.
வீட்டில் மூன்று பேர். யாழினி அழித்தால் அவளே வந்து புகார் சொல்வாளா? நான் இல்லை. மிச்சம் என் வீட்டுக்காரர்.

புதன்
லேப்டாப்பில் தேடின ஹிஸ்டரி பார்த்தேன். காலி. குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனுஷன், இதை மட்டும் இவ்வளவு சுத்தமாக.
கொஞ்ச நாளாகவே ஒரு மாதிரி. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் பதில் இல்லை. போன் வந்தால் மொட்டை மாடி. பேரிகை ஊரிலிருந்து அவர் தங்கை பேசினாலும் மாடிதான். கட்டிலில் பக்கம் மாறிப் படுக்கிறார். கேட்டால், "காத்து இங்கதான் வருது."


வியாழன்
வாங்க வேண்டியது: தக்காளி, கடலைப்பருப்பு, யாழினிக்கு ஜியாமெட்ரி பாக்ஸ்.
எங்கள் ஆபீசில் பவர் கட், லீவு. அவருக்கு மதிய ஷிப்ட். கம்பெனி பஸ் ஹாரன் அடித்ததும் லேப்டாப்பை அப்படியே விட்டு ஓடினார். உட்கார்ந்தேன்.
ஒரு செய்திப் பக்கம். ஓரத்தில் காது மெஷின் விளம்பரம். இன்னொரு பக்கம். அங்கேயும் காது மெஷின்.
பொம்பளை விஷயம் என்று நினைத்திருந்தேன். இது யாருக்கு? ஊரில் இருக்கும் மாமனாருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

வெள்ளி
காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் நின்று மெதுவாக, "உங்க சட்டையில தீப்பிடிச்சிருக்கு" என்றேன். பேப்பரைப் புரட்டினார். வலது பக்கம் போனேன். அதே குரல். பதறிச் சட்டையைத் தட்டினார்.
"எத்தன நாளா?"
டம்ளரைக் கீழே வைத்தார்.
"தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்புலயே இத்தன வருசம் நின்னாச்சு. எடது காதுல வண்டு கத்துற மாதிரியே இருக்குது. வேறெதுவும் கேக்கல."
"எங்கிட்ட ஏன் சொல்லல?"
"மெடிக்கல் செக்கப் வருது. தெரிஞ்சா வேலைய வுட்டு எடுத்துருவாங்க. நீ ரேவதிகிட்ட சொல்லுவ. அவ வூட்டுக்காரரு எங்க சூப்பர்வைசரு."
கோபம் வந்தது. ஆனால் ரேவதியிடம் பாதி சொல்லியாயிற்றே.

சனி
கிருஷ்ணகிரிக்குப் பஸ். இங்கே ஓசூர் டாக்டர் வேண்டாம், தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்றார். பஸ்ஸில் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்தேன்.
கண்ணாடி அறை. சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். வலது காதுக்கு விரல் ஓயவில்லை. இடது காதுக்கு அப்படியே இருந்தது. நர்ஸ் கருவியைத் திருகிக்கொண்டே இருந்தாள். விரலையே பார்த்துக்கொண்டு வெளியே நின்றேன்.
போனது வராது, மிச்சத்தைக் காப்பாற்றச் சத்தத்தை விட்டு வெளியே வரணும் என்றார் டாக்டர். கம்பெனிக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தார்.
"திங்கக்கெழம நானே போய் சொல்லிக்கிறேன்" என்றார் இவர். "மத்தவங்க வாயில வரக்கூடாது."

ஞாயிறு
ரேவதி போன். "என்னக்கா, யாரு அழிச்சாங்கன்னு தெரிஞ்சுதா?"
அவர் பக்கத்தில்தான் இருந்தார்.
"யாழினிதான். வெளையாட்டா அமுக்கியிருக்கா."
"அப்பிடியா" என்றாள். நம்பின மாதிரி இல்லை.