பெட்டியோடு போன டி.சி.

சங்கரன்கோவில்

ஜெஸ்லின் அப்பாவுக்கு,

வீட்டிலேயே படிக்க வைக்கச் சட்டத்தில் தடையில்லை என்று ஊர் முழுக்கப் பேசி, ஐந்தாம் வகுப்போடு பிள்ளையின் டி.சி.யை வாங்கினீர்கள். அதையும் பெட்டியில் போட்டுக்கொண்டு கோவைக்குப் போய்விட்டீர்கள்.

நேற்று, பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்தார். ஜெஸ்லின் என்னோடு பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

“வீட்டுலயே படிக்கா, டீச்சர்.”

“யாரு சொல்லிக் குடுக்கா?”

“அவ அப்பா.” உங்களுக்காக வெட்கமில்லாமல் பொய் சொன்னேன்.

“அப்பா போயி எட்டு மாசமாச்சு, டீச்சர்” என்றாள் உங்கள் மகள், நூலிலிருந்து கண்ணெடுக்காமல்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொன்னார் டீச்சர். டி.சி. கையில் இல்லையே என்றேன். “இல்லன்னா என்னக்கா? சேக்கணும்னு சட்டமே இருக்கு” என்றார். அத்தனை சட்டம் பேசிய வாய்க்கு இது மட்டும் தெரியாதோ?

இன்று சேர்த்துவிட்டேன். டி.சி.யை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பாடம் நடத்த இனி ஆள் தேவையில்லை, வர வேண்டாம்.

உங்கள் மகளின் அம்மா