மூன்றாவது நடை

கீழ்ப்பிரிவு லயம்,
நானுஓயா.
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் கஜேந்திரனுக்கு,

அப்பா இராமையா சொல்ல, பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற டோரீன் மிஸ் எழுதுவது. நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். தனுஜாவுக்கு உடம்பில் ஒரு கீறலும் இல்லை. இந்த இரண்டையும் முதலில் எழுதச் சொன்னேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு நீ அந்த நாட்டில் நடுரோட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

போனில் சொல்லலாமே என்று மிஸ் கேட்டார். வீட்டில் இருக்கிற ஒரே போன் உன் பெண்சாதி தனுஜாவுடையது. அதை என் காதில் வைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே நிற்பாள். அவளை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய சங்கதி இல்லை இது. மிஸ் தன்னுடைய போனைத் தருகிறேன் என்றார். உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் கட்டிவிடும். அதனால் பிள்ளைகள் தூங்குகிற மத்தியான நேரமாகப் பார்த்து இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுதிய தாளைப் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்புவாராம்.

நீ தனுஜா கையில் விட்டுப்போன நம் பொது ட்ரெக்டரைப் பற்றித்தான். நம் பதினொரு வீட்டுத் தேயிலையும் கீழே ஆற்றோரம் கிடக்கிறது. கொழுந்து லொறி நிற்பது மேலே ரோட்டில். நடுவில் இருக்கிற ஏற்றம் உனக்குத் தெரியும். தனுஜா ஒரு நாளைக்கு மூன்று நடை ஏற்றுகிறாள். பின்னால் ட்ரெயிலரில் சாக்குகளுக்கு மேலே பெண்களும் ஏறிக்கொள்வார்கள். ஏறாதீர்கள் என்றால், "நடந்து வந்து அட்டைக்கு ரெத்தம் குடுக்கறதுக்கு ஒன் பொட்டியிலயே குலுங்கிக்கிறோம் தாயி" என்பாள் அம்மாக்கண்ணு. இவளும் சிரித்துவிட்டு விட்டுவிடுவாள்.

மழை பிடித்த பிறகு வண்டிக்கு ஏற்றத்தில் பலம் குறைந்துகொண்டே வந்தது. காலையில் முதல் நடை நன்றாக ஏறும். இரண்டாவதில் திணறும். மூன்றாவதில் உச்சி வளைவுக்குக் கீழே ஊர்ந்து ஊர்ந்து நிற்கப் பார்க்கும். தனுஜா சும்மா இருக்கவில்லை. காற்று பில்டரைக் கழற்றித் தட்டினாள். டீசல் பில்டரைப் புதிதாகப் போட்டாள். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தாள். ஒன்றிலும் குற்றம் இல்லை.

நான் பழைய கொழுந்து லொறியில் பதினேழு வருஷம் கிளீனராக இருந்தவன். அந்த லொறிக்குப் பலம் குறைந்தால் எஞ்சின் முனகும், சத்தம் தடித்துப்போகும். இந்த ட்ரெக்டரில் முனகலே இல்லை. எஞ்சின் ஒரே சீராக இரைகிறது, சக்கரம் மட்டும் செத்துப்போகிறது. அது ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. லொறி ஏற்றத்தில் செத்தால் டிரைவர் பாதி வழியில் சின்ன கியருக்குத் தட்டுவார், லொறி உறுமிக்கொண்டு ஏறும். எந்த வளைவில், எந்தக் கல்லுக்கு நேரே அவர் கை போகும் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அந்த ஞாபகத்தால்தான் கெட்டது.

போன செவ்வாய்க்கிழமை மூன்றாவது நடை. எட்டுச் சாக்குக் கொழுந்து. மேலே அம்மாக்கண்ணுவும் இன்னும் இரண்டு பேரும், மழைக்குப் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தேன். வளைவுக்குக் கீழே வண்டி செத்தது. தனுஜா பெடலை அடிவரைக்கும் மிதிக்கிறாள், அது இன்னும் சாகிறது. "ஏன் தாயி பாத்துக்கிட்டிருக்க? சின்ன கியருக்குத் தட்டு!" என்று கத்தினேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் பாக்காத ஏத்தமா? தட்டுன்னா தட்டு!" என்றேன்.

தட்டினாள்.

மகனே, அந்த கியர் லீவர் ஒரு இடத்தை விட்டு இன்னொரு இடத்துக்குப் போவதற்குள் சக்கரத்தைப் பிடித்துவைக்க ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. வண்டி பின்னால் ஓடியது. அவள் பிரேக்கில் எழுந்தே நின்றாள். நனைந்த ரோடு, பாரம் இழுத்தது. ட்ரெயிலர் குறுக்கே திரும்பி, அதன் சக்கரம் ரோட்டோரம் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து நின்றது. கானுக்கு அந்தப் பக்கம் ஆறு வரைக்கும் சரிவுதான், ஒரு மரம்கூட இல்லை. இரண்டு பேர் குதித்துவிட்டார்கள். அம்மாக்கண்ணு தேயிலைக்குள் போய் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்து, நுவரெலியாவுக்குப் போய்க் கட்டுப் போட்டு வந்திருக்கிறாள். மூன்று நாளாக, கண்ணை மூடினால் வண்டி பின்னால் போகிறது.

சனம் ஓடி வந்து என்ன நடந்தது என்று கேட்டது. "கை தவறி லீவர்ல பட்டுருச்சு" என்றாள் தனுஜா. படங்குக்குள் இருந்தவர்களுக்கு எஞ்சின் இரைச்சலில் நான் கத்தியது கேட்கவில்லை. நான் அவள் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இதைச் சொன்னபோது மிஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எழுதுங்கள் மிஸ் என்றேன்.

புதன்கிழமை டவுனிலிருந்து வண்டி திருத்துகிற கராஜ் பாஸ் வந்தார். சிங்கள ஆள், நல்ல மனுஷன். ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் இறங்குகிறதா இல்லையா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இறங்கவில்லை என்று நான் சொன்னேன். அப்படியென்றால் எஞ்சினைத் தொட வேண்டாம், சக்கரத்தைத் தள்ளுகிற ஒயிலைப் பார்ப்போம் என்றார். இந்த வண்டியில் எஞ்சின் ஒரு பம்பைத்தான் சுற்றுமாம், பம்ப் தள்ளுகிற ஒயில்தான் சக்கரத்தைச் சுற்றுமாம். அளவுக் கம்பியை உருவினால் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்து மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. பில்டரும் அடைத்துப் போயிருந்தது. அந்த ஒயில் சூடானால் இன்னும் நீர்த்துப்போகுமாம். அதுதான் காலையில் ஏறினது மத்தியானம் ஏறவில்லை. எல்லாவற்றையும் வடித்து, ஒரு தடவை ஊற்றிக் கழுவி, திரும்பவும் வடித்துவிட்டுப் புது ஒயிலும் பில்டரும் போட்டார்.

ஓட்டுகிற விதமும் சொன்னார். அடிவாரத்தில் நிற்கும்போதே லீவரைச் சின்னதில் போட்டுவிட வேண்டும். பெடலை மிதிக்க மிதிக்க அது வேகத்தைத்தான் தேடும், இழுக்கிற பலம் குறையும். வண்டி சாகிறபோது காலைத் தளர்த்தினால்தான் ஏறும். இது எங்கள் இரண்டு பேருக்குமே புதுசு. ஏற்றத்தில் மட்டும் அந்த லீவரைத் தொடவே கூடாது, இதை உனக்கு யாரும் சொல்லித்தரவில்லையா என்று தனுஜாவிடம் கேட்டார். என் வீட்டுக்காரர் நாட்டை விட்டுப் போகிறதற்கு முன்னாலேயே சொல்லித்தந்தார் என்று அவள் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். அந்தப் பாஷை எனக்கும் விளங்கும் என்று அவளுக்குத் தெரியும். என் பக்கம் திரும்பவில்லை.

நீ சொல்லித்தந்திருக்கிறாய். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தட்டினாள், மாமா நான் கத்தினேன் என்பதற்காக. வண்டி பின்னால் ஓடினதைவிட இதற்குத்தான் நான் நடுங்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் பதினொரு வீடும் கூடுகிறது. "பொம்பளகிட்ட மிசினக் குடுத்தா ஆத்துலதான் எறக்குவா, சாவிய இங்கிட்டுக் குடுங்க" என்று அழகுமுத்து லயம் லயமாகச் சொல்லித் திரிகிறான். அவன் அந்தச் சீட்டில் ஒரு நாளும் உட்கார்ந்தவன் இல்லை. "யாரு ஓட்டுனா என்னா மாமா, கொழுந்து போய்ச் சேந்தா சரி" என்கிறாள் தனுஜா. ஆனால் அடுப்படியில் நிற்கும்போதும் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கிறது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் சாவி அழகுமுத்துவிடம் போகும். அவள் அந்த ஏற்றத்துக்கே போகமாட்டாள், உயிரோடு வீட்டில் இருப்பாள். நடந்ததைச் சொன்னால் சனம் அவளையே ஓட்டச் சொல்லும். பாரம் ஏற்றி மூன்று நடை போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் பாஸ். மூன்றாவது நடையில் சூடான பிறகும் பலம் நின்றால் பயமில்லை, திரும்பவும் செத்தால் உள்ளே பம்ப் தேய்ந்துவிட்டது, வண்டியைக் கட்டிப்போட வேண்டியதுதான் என்றார். அந்தச் சோதனை திங்கட்கிழமை. நான் உண்மையைச் சொன்னால் அவளை அந்தச் சீட்டில் தூக்கி வைப்பது நான்தான். இரண்டு நாள் இதைத்தான் உருட்டிக்கொண்டிருந்தேன். சும்மா இருந்துவிடு என்றுதான் மனம் சொன்னது. மிஸ்ஸிடம் அதையும் மறைக்கவில்லை.

ஆனால் அழகுமுத்துவுக்குப் பின்னாலும் மூன்று பெண்கள் ஏறுவார்களே. அவனும் வண்டி செத்தால் லீவரைத்தான் தட்டுவான். தனுஜா தலையில் விழுந்த பழியும் அவள் சாகிறவரைக்கும் இறங்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் என் வாயால்தான் வந்தது என்று சொல்லப்போகிறேன். சோதனை முடிகிறவரைக்கும் ட்ரெயிலரில் ஆள் ஏறக் கூடாது, எல்லோரும் நடக்க வேண்டும் என்றும் சொல்வேன். உனக்கு எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது என்றுதான் முதலில் உனக்கு எழுதச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை மூன்று நடையும் முடிகிறவரைக்கும் நான் ரோட்டுப் பக்கம் போகமாட்டேன். இந்தப் பிள்ளைக்காம்பராவுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பேன், கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லி மிஸ்ஸிடம் கேட்டிருக்கிறேன். அவள் வண்டி அங்கே செத்தால் என் வாய் சும்மா இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக்கு அவளோடு பேசும்போது, வண்டியில் உட்கார்ந்த பிறகு அப்பா சொன்னாலும் சரி, ஊரே கூடிச் சொன்னாலும் சரி, கேட்காதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு. உன் வார்த்தையாகவே சொல். நான் சொல்லச் சொன்னேன் என்று தெரிந்தால், அதையும் எனக்குப் பயந்துதான் கேட்பாள்.

வேளைக்குச் சாப்பிடு. அந்த வெயிலில் தலையில் துணி போட்டுக்கொள். அம்மன் உன்னை அங்கே பார்த்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமை மத்தியானம் அவள் சோறு தின்ன வீட்டுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
பெருவிரல் வைக்கும் உன் அப்பா,
இராமையா.