மதுரைத் துணி

மார்ச் 1, 1954. திங்கள். ஹட்டன்.

தேயிலைக் கம்பெனிக் காலண்டருக்குப் படம் எடுக்கிற வேலை எனக்கே கிடைத்துவிட்டது! ஸ்டூடியோ வைத்திருக்கிற கண்டிக்காரன் வயிறு எரியட்டும். வெள்ளிக்கிழமை காலை, நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில். துரையின் கட்டளை: கொழுந்து பறிக்கிறவள் பல் தெரியச் சிரிக்க வேண்டும். அட்டை கடிக்கிற மலையில் எவள் சிரிப்பாள்? சிரிக்க வைப்பது என் பொறுப்பாம்.

மார்ச் 2.

தோட்டத்தில் ஆள் பார்த்தேன். ராக்காயிதான். தோட்டத்தில் எல்லாரையும் போல என்னை 'நானா' என்று, அண்ணன் முறையில் கூப்பிடுகிறவள். ஏழு வருஷத்துக்கு முன் அவளுக்கும் கந்தப்பனுக்கும் கல்யாணப் படம் எடுத்தவன் நான், தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில், மதுரைக் கோபுரம் வரைந்த என் திரைத் துணியைத் தொங்கவிட்டு. அந்தத் துணி இல்லாமல் லயத்தில் யாரும் படத்துக்கு நிற்கமாட்டார்கள். துணியைக் கட்டிய கம்பு தெரியாமல் படத்தை வெட்டிக் கொடுப்பேன். அசல் மதுரை மாதிரியே இருக்கும். அதில் எனக்குத் திமிர் வேறு.

மார்ச் 3.

மழை. கெமராவைத் துடைத்தேன்.

மார்ச் 4. வியாழன்.

சாயங்காலம் கந்தப்பன் வந்தான், முகம் செத்துப்போய். இன்று ஹட்டனில் அவனுடைய இலங்கைப் பிரஜாவுரிமை மனு விசாரணை. இந்தியாவுக்குப் போனதே இல்லை என்று எழுதிக் கொடுத்தவன், கல்யாணம் இங்கே நடந்ததற்கு அத்தாட்சி என்று அந்தப் படத்தையே கொண்டுபோயிருக்கிறான், மடையன்! அதிகாரி கோபுரத்தில் விரலை வைத்து, "அப்ப இது ஹட்டனா?" என்றாராம்.

"துணிங்க ஐயான்னேன். சிரிக்கிறாங்க நானா. நாளைக்குப் பத்து மணிக்குத் துணியையும் படம் புடிச்சவரையும் கொண்டாந்து காட்டணுமாம். இல்லாட்டி நான் பொய் சொன்னதா எழுதிருவாங்களாம். எங்க மூணு புள்ளைங்க பேரும் அந்த மனுவுலதான் இருக்கு."

நாளை பத்து மணி. காலண்டர்.

"துணியே போதும்டா, கொண்டு போ" என்றேன்.

படத்தை மத்தியானத்துக்குத் தள்ளிவைக்கத் துரையிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் வேலை கண்டிக்காரனுக்குப் போய்விடும். என் மனைவி அசீசா அடுப்படியிலிருந்து, "அப்ப நீங்க போகல்லியா?" என்றாள். உன் வேலையைப் பார் என்று அவள்மீது பாய்ந்தேன். கழிசடை நான், வேறென்ன?

மார்ச் 5.

ராக்காயி சிரிக்கவேயில்லை. கண் முழுக்க, கந்தப்பன் போன ஹட்டன் ரோட்டில். துரை கடிகாரத்தைப் பார்த்தார். நான் கிட்டப் போய், "துணியப் பார்த்ததும் ஐயா நம்பிருவாரு புள்ள. இந்நேரம் நல்லபடியா முடிஞ்சிருக்கும்" என்றேன்.

"நெசமாவா நானா?"

"அல்லா மேல சத்தியமா."

சிரித்தாள். என்ன சிரிப்பு! மூன்று படம் எடுத்தேன். துரை கை குலுக்கினார்.

மார்ச் 6.

கந்தப்பன் துணியைக் கொண்டுவந்து வைத்தான். "துணிய எவனும் எப்பவும் வரையலாம். எடுத்தவன் எங்க?" என்று அதிகாரி கேட்டாராம். "வேலையா இருக்காருங்க" என்றானாம் இவன், என்னை விட்டுக்கொடுக்காமல். பொய் சொன்னான் என்று எழுதி, விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்.

பாவி, என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசித் தொலைத்திருக்கலாமே!

மார்ச் 8.

வெட்டாத நெகட்டிவைத் தேடி எடுத்துக்கொண்டு அந்த அதிகாரியின் ஆபீசுக்கு ஓடினேன். அதில் கம்பும் தெரிகிறது, துணியின் கிழிசலும் தெரிகிறது, லயத்துக் கூரையும் தெரிகிறது. ஃபைல் கொழும்புக்குப் போய்விட்டது என்று பியூன் வாசலிலேயே திருப்பி அனுப்பினான். வெள்ளிக்கிழமை இதே கால் எங்கே போயிருந்தது?

டிசம்பர் 12. ஞாயிறு.

காலண்டர் வந்து ஒரு வாரம். ராக்காயி பல் தெரியச் சிரிக்கிறாள். கீழே, 'இலங்கையின் மகள்'. அசீசா அதை முன்னறையில் மாட்டியிருக்கிறாள். எனக்குத் தண்டனை என்று நினைத்து மாட்டினாளோ என்னவோ, நான் கேட்கவில்லை.

இன்று ராக்காயியே வந்தாள். இங்கே தள்ளிவிட்டதால், இந்தியப் பிரஜையாகப் பேர் பதியப் படம் வேண்டுமாம். பழக்க தோஷம், கை மதுரைத் துணியை அவிழ்த்துவிட்டது.

"பின்னால ஒண்ணும் வேணாங்க. வெள்ளையா இருக்கணுமாம். சிரிக்கவும் கூடாதாம்."

நான் உடுத்துகிற வெள்ளைச் சாரத்தைக் கட்டித் தொங்கவிட்டு, கெமராவுக்குப் பின்னால் போனேன். அவள் என் தலைக்கு மேலே, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கு நெசம்னீங்களே நானா."

படம் எடுத்தேன். அவிழ்த்த மதுரைத் துணியைச் சுருட்டிக் கட்டினேன்.