தாழ்ப்பாளுக்கு உள்ளே மூன்று வாதங்கள்

சொல்தா,

இன்று காலை மாதா கோவிலில் உனக்கு நினைவுப் பூசை. சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறியதும் எல்லோரையும் பார்த்து நானும் முட்டி போட்டேன். எல்லோரும் எழுந்தார்கள், என் முட்டி மட்டும் எழவில்லை. இரண்டு பலகைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு கிடந்தேன். "நம்ம புள்ளையாருக்குக்கூட இவ்ளோ பக்தி காட்டலியேப்பா" என்று காதருகே சிரித்தபடி மகள்தான் தூக்கிவிட்டாள்.

நீ சாகக் கிடந்த அன்று உன் அறையிலும் இதே புகை. வேதக்காரக் குடும்பத்தில் பிறந்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய், ஊருக்கே 'சொல்தா' ஆனவன் நீ. அங்கே எதைப் பார்த்தாயோ, சாமியே இல்லை என்று திரும்பி வந்தாய். ஊரில் பிரெஞ்சுக் கொடி இந்தியக் கொடியாக மாறியது, நீ மாறவில்லை. நோயில் விழுந்தும் பிடியை விடவில்லை.

"அண்ணே, சாயங்காலம் மாதா கோவில் சாமியார் வர்றாரு. சாமிய நம்புறேன்னு இவரு தலையாவது ஆட்டலன்னா அவங்கப்பா பக்கத்துல அடக்கம் பண்ண வுடமாட்டாங்க. கல்லறைச் செவுத்துக்கு வெளியதான்" என்று அழுத உன் மனைவி, என்னை உள்ளே தள்ளி வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள். "சரின்னு சொன்னப்புறம் கூப்புடுங்க."

பெரிய மார்க்கெட்டில் வெங்காயம் விற்கிறவன் நான். சாமியார் சொல்லிக்கொடுத்த மூன்று வாதங்களை வழியெல்லாம் உருப்போட்டு வந்திருந்தேன்.

"கடியாரம்னு ஒண்ணு இருந்தா செஞ்சவன் இருக்கணும் இல்லியா?"

"என் கடியாரம் சைகோன்லயே நின்னுபோச்சு. செஞ்சவன் வந்து பாத்தானா?"

"எல்லாத்துக்கும் ஒரு காரணம், அதுக்கொரு காரணம்... மொதல்ல ஒருத்தர் இருந்தே ஆகணும்டா."

"அவரு மட்டும் காரணமில்லாம இருக்கலாம்னா, உலகம் இருக்கக்கூடாதா?"

"சரி, நம்பித்தான் வையேன். இருந்தா லாபம். இல்லன்னா நஷ்டமில்ல."

"டேய் வெங்காயம், சாமியையே தராசுல வைக்கிறியா?" இருமலுக்கு நடுவே சிரித்தாய்.

சன்னலைப் பார்த்தேன், கம்பி. கதவுக்கு அந்தப் பக்கம் உன் மனைவியின் விசும்பல். அப்போதுதான் என்னை முழுசாக மடக்கினாய்.

"வாதமெல்லாம் வேணாம். நீ நம்புறியா? என் மூஞ்சியப் பாத்து சொல்லு. நானும் தலையாட்டிடறேன்."

தினமும் தோப்புக்கரணம் போடுகிறவனிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை, நானே கேட்டுக்கொண்டதில்லை. ஆமாம் என்றால் பொய்யாகுமோ என்று பயம். இல்லை என்றால் நீ சுவருக்கு வெளியே. பட்டும் படாமல் தலையை மட்டும் ஆட்டினேன். சாயங்காலம் சாமியார் கேட்டபோது, ஒருபக்கமாகச் சாய்த்து, பாதியில் நிறுத்தி, இம்மி பிசகாமல் நான் ஆட்டியது போலவே ஆட்டினாய். உன் மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு மட்டும் கண்ணடித்தாய்.

நீ உன் அப்பா பக்கத்தில் போய்ப் படுத்துவிட்டாய். நான்தான் இன்னும் அந்த அறைக்குள்ளேயே இருக்கிறேன். பிள்ளையார் முன்னால் காதைப் பிடிக்கும்போதெல்லாம் உன் பதில்கள் வந்து நிற்கின்றன. பாதி உட்கார்ந்து, பாதி எழுந்து, அப்படியே நிற்கிறேன்.

"அவ்ளோ நேரம் இன்னாப்பா வேண்டிக்கின?" வழியில் மகள் கேட்டாள். முட்டி வலி என்று சொல்லித் தப்பித்தேன்.

வேண்டவில்லை, உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். அது உனக்குக் கேட்டிருந்தால் அந்த வாதத்தில் நான் ஜெயித்தேன். கேட்கவில்லை என்றால் நீ. உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஒரு தடவை நீ தோத்துப் போயிடுடா.