இறக்கத்தில் அணைத்த என்ஜின்

மேற்பிரிவு லயம்,
தலவாக்கலை.
ஞாயிற்றுக்கிழமை

என் அன்புக்குரிய மகள் நித்தியகலாவுக்கு,

நீ அங்கே உடல் நலத்தோடும் மனத் தைரியத்தோடும் இருக்க மாரியம்மனை வேண்டி அம்மா எழுதும் மடல். இங்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்பதை மாத்திரமே இம்முறை சுகச் செய்தியாக எழுத முடிகிறது. அப்பாவுக்கு இருமல் சற்றுக் குறைவு. தம்பி கிஷாந்தின் தோள் எலும்பு பொருந்தி வருவதாக வைத்தியர் கூறினார், ஆனாலும் வலக்கையை இன்னும் உயர்த்த முடியவில்லை, சோற்றை இடக்கையால் கரண்டி பிடித்து உண்கிறான். மழை விட்டபாடில்லை. தொலைபேசி இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நீ எண்ணுவாய், அதற்குக் காரணம் உண்டு, முறையாகச் சொல்லி வருகிறேன்.

முதலில் பெட்ரோல் விடயம். அன்று தொலைபேசியில் விபத்தைக் கேட்டு நீ அழுதுகொண்டே இருந்தபடியால் நான் சொன்னதில் பாதி உனக்குச் சேரவில்லை. நீ வேலை செய்யும் வீட்டின் சாரதி, உயர்ந்த ரகப் பெட்ரோல் அடித்தால் என்ஜின் நீடித்து உழைக்கும், லீற்றருக்கு அதிக தூரம் ஓடும் என்று கூறியதை நீ நல்லெண்ணத்தோடு தம்பிக்குச் சொன்னாய். அவர் ஓட்டும் பெரிய காருக்கு அது பொருந்தக்கூடும். நமது முச்சக்கரவண்டியின் என்ஜின் தொண்ணூற்றிரண்டு ஒக்டேனுக்கு ஏற்றவாறு செய்யப்பட்டது, அதற்குத் தொண்ணூற்றைந்தை ஊற்றினால் பலமும் கூடாது, ஓடும் தூரமும் கூடாது, செலவு மாத்திரமே கூடும். நமது வண்டியைப் பழுது பார்க்கும் கராஜ்காரர் மஃறூப் நானா பிரேக் மாற்றிய அன்றே இதைத் தம்பியிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அதற்கு அவன், ‘அக்கா வாங்கிக் குடுத்த வண்டி நானா, அக்கா சொன்னதத்தான் ஊத்துவேன்’ என்றானாம். நானா சிரித்துவிட்டு, ‘ஊத்து ஊத்து, கொஞ்சம் பன்னீரும் கலந்து ஊத்து’ என்றாராம். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்தவள் என்பது நீ அறிந்ததே. எழுத்தெல்லாம் பத்திரிகை பார்த்து நானாகக் கற்றது. ஆகவே வாகனப் பக்கம் வரும் பத்திரிகையைத் தேடி வாங்கி வாசித்து, நானா கூறியது சரியென்று உறுதிப்படுத்திக்கொண்டேன். எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவதும், காற்று வடிகட்டியைச் சுத்தமாக வைப்பதும், டயரில் காற்றுக் குறையாமல் பார்ப்பதும், கலப்படமில்லாத பெட்ரோலை நம்பகமான இடத்தில் அடிப்பதுமே என்ஜினைக் காக்கும் என்று அதில் எழுதியிருந்தார்கள். நீயும் அங்கே வாகனம் ஓட்டப் பழகுவதாகச் சொன்னபடியால் இவ்வளவு விரிவாக எழுதினேன்.

விலை கூடிய பெட்ரோலுக்கு உன்னிடம் மேலதிகமாகக் கேட்கத் தம்பிக்கு வெட்கம். அந்தச் செலவை இறக்கத்தில் ஈடுசெய்யத் தொடங்கினான். நம் மலையில் ஆட்டோ ஓட்டும் பையன்கள் அனைவரும் செய்வதுதான், பிள்ளையார் கோயில் வளைவில் சாவியைத் திருகி என்ஜினை அணைத்து, கியரை விடுவித்து, கீழ்ப்பாலம் வரைக்கும் சத்தமின்றி உருட்டிக்கொண்டு வருவார்கள். ‘மலையே தள்ளி விடுது, பெட்ரோல் எதுக்குடா’ என்று அதில் ஒரு பெருமை வேறு. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் கியர் வண்டியைப் பாதி பிடித்துக்கொள்ளும், அதை அணைத்துவிட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது, சூடேறிய பிரேக் ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகிறது. அன்று பின்னால் இருந்தவர் அடுத்த லயத்து வரிசை வீட்டில் குடியிருந்த செல்லசாமி மாமா, கிளினிக்குக்குப் புறப்பட்டவர். வண்டி நிற்காது என்று தெரிந்ததும் தம்பி பள்ளத்தைத் தவிர்த்து மண்மேட்டில் மோதினான். வண்டி கவிழ்ந்து, மாமாவின் உயிர் வைத்தியசாலைக்குப் போய்ச் சேருமுன்பே பிரிந்தது. மகளே, பெட்ரோலைப் பற்றி உனக்குக் கிடைத்தது பிழையான தகவல், அவ்வளவே. மாமாவின் சாவை அதோடு சேர்த்து உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

பொலிஸார் வைத்தியசாலைக் கட்டிலருகே வந்து வாக்குமூலம் கேட்டபோது தம்பி பயத்தில், பிரேக் பிடிக்கவில்லை, அண்மையில்தான் மஃறூப் நானாவின் கராஜில் மாற்றினேன் என்று மாத்திரம் சொன்னான். என்ஜினை அணைத்ததை என்னிடமும் உன்னிடமும் தவிர வேறெவரிடமும் சொல்லவில்லை. நீ அன்று, ‘நானாவுக்குக் கடை இருக்கு, சொந்தம் இருக்கு, தம்பிக்கு என்னம்மா இருக்கு, பேசாம இருங்க’ என்றாய். நானும் பெற்றவள்தானே, பேசாதிருந்தேன். அதற்குள் தோட்டம் முழுவதும் நானாவின் பெயர் கெட்டுவிட்டது. பொலிஸார் அவரை இரு தடவை அழைத்து விசாரித்தார்கள். நம் பக்கத்து ஆட்டோக்கள் இப்போது அவரிடம் போவதில்லை.

வியாழக்கிழமை மாமாவின் கருமாதி. நானாவும் வந்திருந்தார். அரிசி மூட்டையை முச்சக்கரவண்டியிலிருந்து தானே சுமந்து வந்து வாசலில் இறக்கினார். மாமாவின் மனைவி பேச்சியம்மா அதைக் காலால் தள்ளிவிட்டு, ‘காச வாங்கிக்கிட்டு பிரேக்க அரகொறையா பூட்டிட்டு இப்ப அரிசி கொண்டாறியா நானா, இத தின்னா எம் புருசன் எந்திரிச்சு வருவாரா’ என்று கூடியிருந்த சனமெல்லாம் கேட்கும்படி கேட்டாள். அவர் கோபிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ‘நான் நல்லாத்தான் பூட்டின தங்கச்சி, எங்க பிழைச்சதுன்னு எனக்கே வெளங்குதில்ல’ என்றார். இப்போது பிரேக் வேலைக்கு வருகிற வண்டிகளையெல்லாம் வேறு கராஜுக்கு அனுப்பிவிடுகிறாராம், தம் கையின் மேல் அவருக்கே நம்பிக்கை போய்விட்டதாம். கையைக் கட்டுப்போட்டுத் தொங்கவிட்டபடி பந்தலுக்குப் பின்னால் நின்ற தம்பி இதையெல்லாம் கேட்டான். வீட்டுக்கு வந்து சோறு உண்ணவில்லை. ‘நான் சொல்லிடுறேம்மா’ என்றான். என்ஜினை அணைத்ததைத்தான் சொல்கிறான் என்று எனக்கு விளங்கிற்று.

சட்டத்தரணியிடம் கேட்டோம். சாரதி அனுமதிப்பத்திரம் போகும், வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் அடைக்கவும் கூடும், அதற்கு மேல் நீதவானின் விருப்பம் என்றார். பொலிஸார் தம்பியை நாளை வரச் சொல்லியிருக்கிறார்கள். நாளை காலை முதல் பஸ்ஸில் நானும் அவனும் போகிறோம். முதலில் கராஜ், அதன் பின் பொலிஸ் நிலையம், அந்த ஒழுங்கு அவன் சொன்னது. பேச்சியம்மாவிடம் நான் போய்ச் சொல்ல வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க எனக்கு எவ்விதம் இயலுமோ தெரியாது. தொலைபேசியை அவன் அணைத்து என் கையில் தந்துவிட்டான். ‘இப்பச் சொன்னா அக்கா அழுவும், அக்கா அழுதுச்சுன்னா நான் மாறிருவேம்மா’ என்கிறான். ஆகவேதான் கடிதம். இதைத் தபாற்கந்தோரில் சேர்த்துவிட்டே கராஜுக்குப் போவோம், இது உன் கைக்குக் கிட்டும்போது எல்லாம் முடிந்திருக்கும். உன் உழைப்பால் வந்த வண்டி, உன்னைக் கேளாமல் இதைச் செய்கிறோம். சற்று முன் அவன் ஒற்றைக் கையால் பையொன்றில் கம்பளிச் சட்டையையும் துவாயையும் சவர்க்காரத்தையும் எடுத்து வைத்தான். மாலையில் திரும்பிவிடுவோம், அவற்றை எடுத்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சட்டையை வாங்கி ஒழுங்காக மடித்துக் கொடுத்தேன்.

மகளே, நீ நீடூழி வாழ்க. அந்நிய மண்ணில் உன் கைகால்களுக்கு ஒரு குறையும் நேராதிருக்கட்டும். வேளைக்கு உண். ஒன்றை மாத்திரம் மறவாதே, இக்கடிதம் கண்டதும் முதலில் தம்பியோடு பேசு. அவன் வீட்டில் இருந்தால் அவனிடமே பேசு, உள்ளே இருந்தால் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல், பார்க்க விடும் நாளில் நான் போய்ச் சொல்கிறேன். கோபம் இருந்தால் அதை என்மேல் காட்டு, அவன்மேல் வேண்டாம்.

என்றும் உன் நலன் நாடும் அம்மா,
சிவசாமி பாக்கியலெட்சுமி