மூன்றாவதாக ஒரு வெற்றிலை

1955 பிப்ரவரி 7, திங்கள்

காலையில் பனி. கடைப் பலகை வழுக்கியது. மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். இடுப்பு வலி போன வாரத்திலிருந்து அப்படியே.

தைக்க வேண்டியவை: பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா ஐயாவின் கம்பளிக் கோட்டு (பிரான்சுக்குக் கப்பலேறுவதற்குள்). ஆபீஸ்காரர்களின் வெள்ளை டிரில் கால்சட்டை, நாலு. அண்ணன் பிள்ளைகள் கபீர், சலீம், நம் பையன் அன்வர், மூவருக்கும் பச்சை சாட்டின் ஜிப்பா. ஞாயிற்றுக்கிழமை மூவருக்கும் சுன்னத் கல்யாணம், அண்ணன் வீட்டில். தூக்கம் எப்போது என்று தெரியவில்லை.

அன்வரைப் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் அனுப்பிவிட்டார்கள். கால்சட்டை நனைந்து. இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை.

அவன் அம்மா மைமூன் சொன்னாள்: "அங்க பசங்க எல்லாம் சுவத்தோரமா நின்னுக்கிட்டே ஒண்ணுக்குப் போறாங்களாம். இவன் நின்னா கால்லயே ஊத்துதாம். சிரிக்கிறாங்களாம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

நம் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்துதான் போகிறோம். அதனால் ஆறு வருஷமாக யாருக்கும் தெரியவில்லை. ஆனால் இவனுக்கு எப்போதும் கறுப்புத் துணியிலேயே கால்சட்டை தைத்துவந்திருக்கிறேன். ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டதில்லை. கறுப்பில் ஈரம் தெரியாது.

பிப். 8, செவ்வாய்

பெரியாஸ்பத்திரி. ஏழு மணிக்குப் போய்ப் பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். வெள்ளைக்கார டாக்டர் ஊருக்குப் போய்விட்டார், இப்போது தமிழ் டாக்டர்.

"பொறக்கும்போதே சுன்னத் ஆன புள்ளங்க இவன்" என்றேன், வழக்கமாகச் சொல்கிற பெருமையோடு. மருத்துவச்சி சொன்னது அது. வானத்து மலக்குமார்களே செய்து அனுப்பிவிட்டார்கள் என்று அண்ணன் அன்றைக்குத் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். மேலே மிச்சமிருக்கிற கொஞ்சத்தை எடுக்கத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

டாக்டர் பார்த்துவிட்டுக் கை கழுவினார். "இது சுன்னத் இல்ல பாய். பிறவிக் கோளாறு. மூத்திரத் துவாரம் கீழ எறங்கி இருக்குது. அடியில தோல் இல்ல, மேல மட்டும்தான் இருக்குது. மெட்ராசுல ஆபரேஷன் பண்ணலாம். அந்த மேல் தோலை வெச்சித்தான் புதுசாப் பாதை செய்யணும். அதை மட்டும் வெட்டிட்டு வந்துடாதீங்க. அப்புறம் என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

இரண்டு மூன்று தடவை ஆபரேஷன் செய்யவேண்டி இருக்குமாம். இடையில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம்.

எனக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. துணி மிச்சமிருந்தால்தானே ஒட்டுப் போட முடியும்.

வீட்டில் மைமூன் அழுதாள். "வயித்துல இருக்கறப்ப ஒங்க மெஷின மிதிச்சேனே, அதனாலயா?" இல்லை என்றேன். எனக்கென்ன தெரியும்.

பிப். 9, புதன்

சாட்டின் வெட்டினேன். மூன்று ஜிப்பாவும்தான். ஒன்றைக் குறைக்கக் கை வரவில்லை.

ஊசி இரண்டு முறிந்தது. சொல்தா ஐயா வந்து, "பாய், என் கோட்டு எப்போ?" என்றார். "வெள்ளிக்கிழமை முசே" என்றேன். பொய். பருப்பு தீய்ந்துவிட்டது, அதையே தின்றோம்.

பிப். 10, வியாழன்

அண்ணனின் இரும்புக் கடைக்குப் போனேன். அன்வருக்கு உடம்பு சரியில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஒத்தப்படையாத்தான் செய்யணும், தெரியாதா ஒனக்கு? இவன் இல்லன்னா ரெண்டாயிடும்."

"கொறையற புள்ளைக்குப் பதிலா ஒரு வெத்தல வெச்சி அத வெட்டுவாங்களேண்ணே."

"வெத்தல வெச்சா மூணாவது புள்ள எங்கன்னு ஊரே கேக்கும்டா. இவனுக்குப் பாதி வேலைய மலக்குங்களே முடிச்சிட்டாங்க. மேல கொஞ்சம் தொங்கறத ஒஸ்தா ஒரு நொடில எடுத்துடுவாரு. போ, போயி ஜிப்பாவ முடி."

திரும்பி வந்துவிட்டேன். நாற்பது வயதிலும் அவர் முன்னால் சின்னப் பையன்தான். அந்த ஒரு நொடிதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மைமூன் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

பிப். 11, வெள்ளி

ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் கை கால் கழுவுகிற ஹவுஸ் தொட்டி ஓரத்தில் ஒஸ்தாவைப் பிடித்தேன். எனக்கும் அண்ணனுக்கும் சுன்னத் செய்தவர் அவர்தான். இப்போதும் அந்தக் கை நடுங்குவதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் என்றதும் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

தொட்டித் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டார்.

"நான் இந்த மாதிரி ஒரு புள்ளைக்கு வெட்டியிருக்கேன் தம்பி. பெருமையா நெனச்சித்தான் வெட்டுனேன். அப்புறம் மெட்ராஸ் டாக்டரு, தோல் எங்கடான்னு கேட்டாராம். அவன் இப்ப பெரிய ஆளு, கண்ணாலம் வாணாம்னு இருக்கான். தெருவுல என்னப் பாத்தா அந்தப் பக்கம் போயிடுவான்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒம் புள்ளயத் தொட மாட்டேன். ஆனா அன்னிக்கி சபையில வந்து நான் மாட்டேன்னு சொன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. ஒங்கண்ணங்கிட்ட நீயே சொல்லிடு."

கோட்டுக்குக் கை வைத்தேன். தப்பான பக்கம். பிரித்துத் திரும்ப வைத்தேன்.

பிப். 12, சனி

சொல்லிவிட்டேன். அண்ணன் வீட்டுக் கொல்லையில், அவர் விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது. டாக்டர் சொன்னதை அப்படியே, மூச்சு விடாமல். ஒஸ்தா சொன்னதையும் சொன்னேன்.

விறகைக் கீழே போட்டார். அடிப்பார் என்றே நினைத்தேன்.

"ஆறு வருஷமா ஊர்ல போறவன் வர்றவன் கிட்டல்லாம் சொல்லி வெச்சிருக்கேனேடா. எந் தம்பி புள்ள அப்படிப் பொறந்தவன்னு."

"நானுந்தாண்ணே சொன்னேன்."

"வியாழக்கெழம எங்கிட்ட ஏண்டா பொய் சொன்ன?"

கீழே கிடந்த விறகை எடுத்து அடுக்கினேன். அவர் உள்ளே போய்விட்டார். மதினி டீ கொண்டுவந்து வைத்தாள். குடிக்காமல் வந்தேன். நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. பையனைத் தூக்கிக்கொண்டு விடியற்காலைப் பஸ்ஸில் போய்விடலாமா என்று மைமூனிடம் கேட்டேன். "எங்க போறது? இங்கதான இருந்தாவணும்" என்றாள். இதிலும் அவள் சொல்வதே சரி.

மூன்று ஜிப்பாவுக்கும் பித்தான் வைத்து முடித்தாயிற்று.

பிப். 13, ஞாயிறு

வெயில். கூடம் நிறைய ஆள். மூவரும் பச்சை ஜிப்பா, பூமாலை. அன்வர் என் விரலை விடவில்லை.

ஃபாத்திஹா ஓதி முடித்தார்கள். கபீர். பிறகு சலீம், தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கத்தினான். முட்டை, தேங்காய், வாழ்த்து.

அப்புறம் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அண்ணன் எழுந்து உள்ளே போனார். வெளியே வரும்போது கையில் கெண்டி. அதன் வாயில் ஒரு கொழுந்து வெற்றிலை, நிமிர்த்திச் செருகியிருந்தது. ஒஸ்தா முன்னால் தானே குனிந்து வைத்தார்.

பின்னாலிருந்து யாரோ, "அப்ப அன்வருக்கு?"

அண்ணன் சத்தமாகவே சொன்னார்: "அவனுக்குப் பொறப்புலயே ஒரு கொறை இருக்குது. நாங்க வெவரம் தெரியாம இத்தினி நாளு பெருமை பேசிட்டோம். மெட்ராசுல வைத்தியம். நான்தான் கூடப் போறேன்."

ஒஸ்தா பிஸ்மில்லா சொல்லி வெற்றிலை நுனியை வெட்டினார். நான் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். மைமூன் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரியாணியில் உப்பு கம்மி. நிறையத் தின்றேன்.

பிப். 14, திங்கள்

பனி இல்லை. சொல்தா ஐயாவின் கோட்டு கொடுத்தாயிற்று. கை நீளம் என்றார். பிரான்சில் குளிர் முசே, இருக்கட்டும் என்றேன்.

டாக்டரிடம் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி வாங்கினேன். வியாழக்கிழமை பயணம். அண்ணன் கடையை மதினியின் தம்பி பார்த்துக்கொள்வான்.

அன்வர் ஜிப்பாவைக் கழற்றவே விடவில்லை. பையில் கை விட்டால் அந்த வெற்றிலை நுனி, கறுத்துச் சுருங்கி. எப்போது பொறுக்கினானோ.

"இது எதுக்குடா?"

"என்னுதுதான அத்தா? மெட்ராசுல கேட்டா குடுக்கணும்ல."

அதைத் திரும்பப் பையிலேயே வைத்தேன். ஆபீஸ்காரர்களுக்கு வெட்டியதில் வெள்ளை டிரில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அவனுக்கு ஒரு கால்சட்டை வெட்டினேன். ஓரத்தில் நாலு விரற்கடை உள்ளே மடித்து விட்டிருக்கிறேன். எத்தனை தடவை போய் வர வேண்டுமோ, அதற்குள் வளர்ந்துவிடுவான்.